தம்பிக்குப் படித்துக் காட்டிய காமிக்ஸ்

செங்கல்பட்டு பழைய புத்தகக் கடையில், எதை எடுத்தாலும் பத்து ரூபாய் என்று எழுதிய பெட்டிக்குள் அந்தக் காமிக்ஸ் கிடந்தது. பல சூப்பர் ஹீரோக்களின் கதைகள் சேர்ந்த தடித்த புத்தகம். கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் சின்ன வயதில் அக்காவான நானும் தம்பியும் இதற்காக அடித்துக்கொள்வோம். பறக்கிறவன் கதை வந்தால் தம்பி புத்தகத்தைத் தரவே மாட்டான்.

ஈ.சி.ஆரில் பைக் விபத்து நடந்ததிலிருந்து அவன் மாமல்லபுரத்து வீட்டில் படுத்த படுக்கைதான். பேச்சும் இல்லை. அன்றே பஸ் ஏறிப் போய், அவன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கதையைப் படித்தேன். மாடியிலிருந்து விழுகிறவனை ஹீரோ பாதியிலேயே பிடித்துவிடுகிறான். அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டேன். தம்பி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவருக்கு இன்னா புரியப்போவுது அண்ணி, வுடுங்க” என்றாள் அவன் மனைவி. அவள் குரலில் வருத்தம்கூட மிச்சமில்லை.

நான் அவன் வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டேன்.