அழிரப்பர் கம்ப்யூட்டர்

எங்கள் கல்லூரியின் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். கட்டடத்திலேயே ஏசி இருந்த ஒரே அறை அது. முதல்வர் அறையில்கூட மின்விசிறிதான். சாவி, துறைத் தலைவரின் மேசை இழுப்பறையில் இருக்கும். வாரத்தில் ஒருவருக்கு அரை மணி நேரம். புரோகிராமைத் தாளில் எழுதி அவரிடம் காட்டி, அவர் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விசையைத் தொடலாம். ஒரு கமாவை விட்டுவிட்டால் அடுத்த வாரம்.

என்னுடையது எங்கள் வீட்டில் டிவிக்குக் கீழே இருந்தது. சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்தது. கறுப்பு நிறம்; ஒரு நோட்டுப் புத்தகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. விசைகள் சாம்பல் நிற ரப்பர். தனியாகத் திரை கிடையாது, டிவிதான் திரை. புரோகிராமைச் சேமிக்கப் பாட்டுக் கேட்கிற டேப் ரெக்கார்டர். நிறங்கள் வரும் என்று கையேட்டில் இருந்தது. எங்களுடையது கறுப்பு வெள்ளை டிவி என்பதால் சாம்பலிலேயே ஏழெட்டு வகை வந்தது. அதுவே எனக்குப் போதும்.

அதன்மேல் எனக்கு இருந்தது பிடிவாதம் என்று வீட்டில் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. சுவிட்சைப் போட்டால் அடுத்த நொடி அது தயார். ஒரு விசையை அழுத்தினால் ஒரு முழுக் கட்டளையே திரையில் விழும். தப்பாக அடித்தால் அந்த வரியை ஏற்காமல் தப்பு எங்கே என்று கேள்விக்குறி போட்டுக் காட்டும். திட்டாது. கையெழுத்துக் கேட்காது. நினைவகம் குறைவு என்பதால் சுருக்கமாக எழுதக் கற்றுக்கொடுத்தது. பிற்பாடு பத்திரிகை வேலையில் என் செய்திகளை வெட்ட வந்தவர்களுக்கு அதிக வேலை இருக்கவில்லை.

வகுப்புப் பையன்கள் அதற்கு அழிரப்பர் கம்ப்யூட்டர் என்று பெயர் வைத்தார்கள். "ஏனுங்க, உங்க மெஷின்ல எழுதினதை அதுலயே தேச்சு அழிச்சுக்கலாமுங்களா?" துறைத் தலைவர் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "அது பொம்மைம்மா. கால்குலேட்டருக்கு அண்ணன்னு வேணாச் சொல்லு."

கடைசி ஆண்டு புராஜெக்டை அந்தப் பொம்மையில் செய்வேன் என்று அவரிடமே எழுதிக் கொடுத்தேன். சுற்றறிக்கையில் 'கம்ப்யூட்டரில்' என்று மட்டும்தான் இருந்தது, 'கல்லூரிக் கம்ப்யூட்டரில்' என்று இல்லை. அதைச் சுட்டிக்காட்டினேன். "வெளியில இருந்து வர்ற எக்ஸாமினர் ஒத்துக்கலேன்னா ஒரு வருஷம் போயிரும், தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன்.

புராஜெக்ட் கோழித்தீவனம். நாமக்கல் பக்கத்தில் எங்களுக்குப் பண்ணை. மக்காச்சோளம், கம்பு, தவிடு, கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள் இவற்றின் அளவு விலைக்குத் தக்கபடி ஏறி இறங்கும். அப்பா கண்ணளவில் கலப்பார். விலையைச் சொன்னால், சத்துக் குறையாமல் எதை எவ்வளவு போடலாம் என்று என் புரோகிராம் கட்டம் கட்டமாகக் கோடு வரைந்து காட்டும். அப்பா பார்த்துவிட்டு, "ஏன் அம்மணி, இது டிவில வந்த தீவனம்னு கோழிக்குத் தெரியுமா?" என்றார்.

தேர்வு நாளில் அவரே டிவியை முட்டை டெம்போவில் ஏற்றினார். சுற்றிலும் முட்டை அடுக்குகிற அட்டைத் தட்டுகளைச் செருகியிருந்தார். பதினெட்டு மைல் ஒரு கீறல் விழவில்லை. கையில் இரண்டு கேசட். ஒன்று அசல். மற்றது பஸ் நிலையத்தருகே பாட்டுப் பதிவு செய்யும் கடையில் எடுத்த நகல்.

கேசட் ஐந்து நிமிடம் காது கிழியக் கீச்சிட்டால்தான் புரோகிராம் கம்ப்யூட்டரில் ஏறும். மூன்றாவது நிமிடத்தில் டேப் ரெக்கார்டர் அசல் கேசட்டின் நாடாவை இழுத்துச் சுற்றிக்கொண்டது. நகலைப் போட்டேன். அது ஏறவேயில்லை.

காரணம் மறுநாள் கடைக்காரரைக் கேட்டபோதுதான் தெரிந்தது. பெருமையோடு சொன்னார்: "ஒரே எரைச்சலா இருந்துதுங்க அம்மணி. நான்தான் அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கொறச்சு, பேஸை ஏத்தி, கொஞ்சம் எக்கோ குடுத்து வெச்சேன். இப்பக் காதுக்கு எதமா இல்லீங்களா?" உண்மையிலேயே இதமாகத்தான் இருந்தது. திட்டாமல், அந்தக் கீச்சுச் சத்தம்தான் புரோகிராம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

தேர்வு அறையில் அது எதுவும் தெரியாது. பின்வரிசையில் சிரிப்புக் கேட்டது. துறைத் தலைவர் கோபப்படவில்லை. பரிவாகவே பேசினார். "ஒரு வாரம் டைம் தர்றேன். நம்ம மெஷின்ல போட்டுக் காட்டு. மார்க்கெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"இதுலயேதான் காட்டுவேனுங்க சார்."

"எதை வெச்சும்மா காட்டுவே? டேப்பே போச்சே."

"நோட்டுல இருக்குதுங்க. இப்பவே அடிச்சுக் காட்டறேன்."

நூற்று எண்பது வரி. தேர்வாளர் சேலத்திலிருந்து வந்திருந்த வயதான மனிதர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அடிக்கட்டுமே சார். எனக்கு நாலரைக்குத்தான் பஸ்."

அடித்தேன். ரப்பர் விசை சத்தம் போடாது. டிவியிலிருந்து சின்னச் சின்ன 'டிக்' மட்டும் வரும். எங்கள் பக்கத்தில் மின்சாரம் மதியத்தில் எப்போது வேண்டுமானாலும் போகும். போனால் எல்லாமே போயிற்று. அந்த டேப் ரெக்கார்டரை நம்பி இடையில் சேமிக்கவும் மனமில்லை. தலைக்கு மேல் மின்விசிறி ஒருமுறை தளர்ந்தது. விரலை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். மறுபடி சுற்றியது. நூற்றுப் பன்னிரண்டாவது வரி. பையன்கள் டீ குடிக்கப் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். "இன்னுமா?" என்று ஒருவன் கேட்டான். இன்னும்தான்.

ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ஓடவிட்டேன். கோடுகள் வந்தன.

தேர்வாளர் நாற்காலியை டிவிக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மக்காச்சோளம் விலை ஏறிப்போச்சுன்னு வெச்சுக்குவோம்." விலையை மாற்றினேன். மக்காச்சோளக் கோடு சுருங்கி, கம்புக் கோடு திரையின் ஓரம்வரை ஓடியது. அவர் தலையாட்டினார்.

அப்போது வாசலிலிருந்து ஒரு குரல். "அத்தனை கம்பு போட்டா கோழி திங்காதுங்க." டெம்போவில் இருந்து அலுத்துப்போன அப்பா, செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். கம்ப்யூட்டர் என்றால் கழற்ற வேண்டும் என்று நான்தான் எப்போதோ சொல்லியிருந்தேன்.

பின்வரிசை வெடித்துச் சிரித்தது. துறைத் தலைவர் என்னைப் பார்த்தார். தேர்வாளரும் பார்த்தார். "அவர் சொல்றது சரியாம்மா?"

"சரிதானுங்க சார். நான் அதை யோசிக்கலை." நூறு பங்கில் கம்பு எத்தனை பங்கு வரை போகலாம் என்று அப்பாவைக் கேட்டேன். சொன்னார். ஒரு வரியைச் சேர்த்து மறுபடி ஓடவிட்டேன். கம்பு அந்த எல்லையில் நின்றது, தவிடு கொஞ்சம் ஏறியது. எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம் இருக்கும். அப்பா திரையை எட்டிப் பார்த்து, "இது திங்கும்" என்றார்.

இதையே ஏசி அறையில் செய்திருந்தால் அந்த ஒரு வரிக்குச் சிவப்பு மைக் கையெழுத்து வாங்கி, அடுத்த வாரம்வரை காத்திருந்திருப்பேன். அதை அங்கேயே உரக்கச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். தேர்வாளர் எதையோ எழுதிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

தேர்ச்சி பெற்றேன். கல்லூரி இயந்திரத்தில் செய்த எல்லோரையும்விட மதிப்பெண் குறைவு. தேர்வாளர் போட்டது ஒரு பாதி, துறை போட்டது மறு பாதி. எந்தப் பாதியில் வெட்டு விழுந்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. துறைத் தலைவரே தம் அறைக்குக் கூப்பிட்டார்; அங்கும் செருப்பை வாசலில் விட்டுத்தான் போக வேண்டும். "பட்டியல் இன்னும் அனுப்பலை. நம்ம ரூம்ல ஒருவாட்டி ஓட்டிக் காட்டு. ஏத்தித் தர்றேன்." மேசை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். மூன்று ஆண்டுகளில் அந்தச் சாவியை அவ்வளவு அருகில் நான் பார்த்ததில்லை.

"வேண்டாங்க சார். ஏற்கெனவே கம்ப்யூட்டர்லதான் காட்டினேன்" என்றேன்.

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டேன்.