வெள்ளை மண்

டொராண்டோவில் நீச்சல் குளத்தில் இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும். தண்ணீரில் இறங்கவே ஒரு குளியல். ஆழத்தைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். யாரும் மூழ்கிப் பார்க்கத் தேவையில்லை. நான் பழக்கதோஷத்தில் தலைகீழாக மூழ்கி, அடியைத் துழாவி, மூடிய கையோடு மேலே வந்தேன். பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த என் வழக்கறிஞர் மார்த்தா நின்றுவிட்டார். "எதைத் தொலைத்தீர்கள்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். நம்பாமல் அவரும் மூழ்கி ஒரு சுற்றுத் தேடிவிட்டு வந்தார்.

மார்த்தா கிழக்கு ஐரோப்பாவில் பிறந்தவர், ஒலிம்பிக்கில் நீந்தியவர். பின்னொரு போட்டிக்கு அணியோடு வெளிநாடு வந்தவர் ஊர் திரும்பவில்லை. முப்பது வயதுக்கு மேல் சட்டம் படித்து, எங்களைப் போன்றவர்களின் குடியுரிமை மனுக்களைப் பார்க்கிறார். எந்தக் கொடிக்காக நீந்தினாரோ, அந்தக் கம்யூனிஸ்ட் நாட்டில் இந்த எண்பத்தேழிலும் அவர் கால் வைக்க முடியாது; ஓடிவந்தவர்களுக்கு விசா கிடையாது. இதை ரயில் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

அரியலூரில் எங்களுக்கு நீச்சல் குளம் என்பது சுண்ணாம்புக்கல் வெட்டிக் கைவிட்ட பள்ளத்தில் தேங்கிய மழைத்தண்ணீர்தான். எழுபதுகளில் அங்கே எவரும் வேகம் பார்த்ததில்லை. அடிவரை போய் ஒரு பிடி வெள்ளை மண்ணோடு வரவேண்டும், அதுதான் சாட்சி. ஒருமுறை பாதியிலேயே மூச்சு முட்டியது. கரையோரச் சேற்றை அள்ளி வந்து நின்றேன். மாமா மகன் செல்வராசு என் விரல்களைப் பிரித்துப் பார்த்தான்.

"கருப்பா இருக்கு. பெரம்பலூர் பருத்திக்காட்டு மண்ணுல்ல இது? அவ்ளோ தூரமாடா முங்கிப் போயிட்டு வந்த?"

பள்ளிப்படிப்பு முடியும்வரை என் பெயர் பெரம்பலூரான்.

செல்வராசு இப்போது சிமெண்ட் ஆலையில் இருக்கிறான். போன மாதம் எழுதியிருந்தான்: "நீ அந்த ஊர்க்காரனா ஆயிட்டா, அரியலூர் வர்றதுக்கே விசா கேக்கணுமாமே, நெசமா?" மனுவில் கையெழுத்திட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும், அது நிஜம். இடாவிட்டால், இந்நாட்டுக் குடிமக்களுக்கே தருகிற, கிடைக்கவிருக்கும் அரசு வேலை போய்விடும்.

தன் அலுவலகத்தில் மார்த்தா மனுவை என் பக்கம் நகர்த்தினார். நான் பேனாவைத் திறந்தேன். செல்வராசுவின் கேள்வியை அவரிடம் சொன்னேன்.

"உங்களுக்கு விசா கேட்டால் கொடுப்பார்கள்," என்றார்.

கையெழுத்திட்டேன்.

மறுநாள் மறுபடி மூழ்கினேன். குளத்தின் அடியில் வழவழப்பான ஓடு. விரலுக்குள் எதுவும் வராது என்று தெரிந்தும் கையை மூடிக்கொண்டே மேலே வந்தேன். மார்த்தா பார்த்தார், இந்த முறை தேடாமல் நீந்திப் போனார். விரல்களைப் பிரித்துப் பார்க்க அங்கே செல்வராசு இல்லை. உடை மாற்றும் அறைவரை மூடிய கையோடே நடந்தேன்.