வேனுக்குள் எங்களை உட்கார வைத்த கற்பகம்

செய்தி வந்தபோது கவரப்பேட்டைக் கடைத்தெருவில் மீன்காரரோடு எடைக்காக மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். நம் தொழிற்சாலைச் சோதனைப் பிரிவு தனசேகர் போனில் கூப்பிட்டார். "பாய், நம்ம கற்பகம் தவறிட்டாங்க" என்றார். எந்தக் கற்பகம் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒரே ஒரு கற்பகம்தான். பக்கத்து ஊர் ஆரணியில் காலை ஷிப்டு பஸ்ஸுக்காக நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம். வயது நாற்பத்தாறு. அதன் பிறகு மீன் வாங்கினேனா இல்லையா என்று இன்றுவரை நினைவில்லை.

அவருடைய நினைவஞ்சலிக்காக, அவரோடு வேலை பார்த்தவர்கள் எல்லாரையும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். எழுத உட்கார்ந்தால் கால் நிற்க மாட்டேன் என்கிறது. இதுவரை நான்கு முறை எழுந்துபோய் ஒன்றுமில்லாத வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன். ஸ்டோர்ஸில் முப்பத்தோரு வருஷம் என்னோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது புதிதல்ல. நாற்காலி எனக்குச் சட்டையைத் தொங்கவிடத்தான் பயன்பட்டது.

கற்பகத்தின் வேலை அதற்கு நேர் எதிர். நம் தொழிற்சாலையில் கூடு கட்டி முடித்த பஸ் ஒவ்வொன்றையும் கொட்டகைக்குள் நிறுத்தி, மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். கதவுகளை மூடிக்கொண்டு உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்திருப்பவர் கற்பகம். மூட்டுகளில் சாக்பீஸ் தூளைத் தூவி வைப்பார். தண்ணீர் நுழைந்தால் தூளில் கோடு விழும். கோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவார். "சொட்டுற எடத்துல ஓட்ட இருக்காது பாய். அது எங்கியோ பூந்து, எங்கியோ சுத்தி, இங்க வந்து அழுவுது" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். நான் அப்போது அவசரமாக ஒரு கையெழுத்துக்காக நின்றேன். அவர் கோடு முடியும் இடத்தைப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

ஓய்வு பெற்ற மறு வாரமே நான் பழைய வேன் ஒன்றை வாங்கினேன். செங்குன்றத்தில் ஒருவர் குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்காக அதைக் கேம்பர் வேனாக மாற்றி வைத்திருந்தார். இரண்டு படுக்கை, சின்னத் தொட்டி, அடுப்பு வைக்கப் பலகை, கூரையில் காற்றுக்கு ஒரு திறப்பு. கவரப்பேட்டை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, நானும் மனைவி ரஹீமாவும் ஒரு வருஷம் முழுக்க இந்த வேனிலேயே சுற்றுவது என்பது என் திட்டம். ரஹீமாவிடம் சொன்னேன். அவள் "ம்" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வாசலில் 'வீடு வாடகைக்கு' என்று பலகை மாட்டினேன்.

முதல் மழையிலேயே வேனின் லட்சணம் தெரிந்தது. இரண்டு படுக்கையும் ஊறிப்போயின. சும்மா இருப்பேனா? பத்து ட்யூப் சிலிகான் வாங்கி, கண்ணில் பட்ட மூட்டு, இடுக்கு, கீறல் எல்லாவற்றிலும் வெளியிலிருந்து அப்பினேன். அடுத்த மழையில் முன்பைவிட அதிகமாக ஒழுகியது. வேறு வழியில்லாமல் கற்பகத்தைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆரணியிலிருந்து பஸ் ஏறி வந்தார். வேனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஜன்னல் சட்டத்தின் அடியில் விரலை வைத்துத் தடவினார்.

"இன்னா பாய் இது? கேக்குக்குக் கிரீம் பூசின மாதிரி பூசி வெச்சிகிறீங்க."

"ஓட்டைய அடைச்சேன்மா."

"ஓட்டய எங்க அடச்சீங்க? ஜன்னலுக்குக் கீழ தண்ணி வெளிய போறதுக்குன்னு பொத்தல் வுட்டு வெச்சிகிறான். அத்த அடச்சிட்டீங்க. அது வெளிய போவ வழியில்லாம வண்டிக்குள்ள வருது. முப்பது வருஷம் பஸ் கம்பெனில இருந்தேன்னு வெளிய சொல்லாதீங்க."

ரஹீமா அன்று சிரித்தாள். அந்த வேன் வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கற்பகமும் அதைக் கவனித்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

சிலிகானைச் சுரண்டவே இரண்டு ஞாயிறு போயிற்று. பிறகு பிவிசி பைப்பில் வரிசையாகத் துளை போட்டு, வேனைச் சுற்றியும் மேலும் கட்டி, வீட்டு போர் மோட்டாரோடு இணைத்தார். கீழிருந்து மேலாக, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் நனைப்பார். மற்ற இடங்களை டேப் போட்டு மூடுவார். ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. மொத்தமாகத் திறந்துவிட்டால் ஒரே நேரத்தில் எல்லா ஓட்டையும் தெரிந்துவிடுமே என்றேன். "எல்லாரும் ஒரே நேரத்துல கத்துனா யாரு பேசுறாங்கன்னு தெரியுமா?" என்று கேட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தக் கடிகாரத்தைப் பிடுங்கி எறியலாமா என்றுகூட யோசித்தேன். மன்னிக்க வேண்டும், நினைவஞ்சலியில் இதையெல்லாம் எழுதக் கூடாதுதான்.

ஆனாலும் பிடித்துவிட்டார். பின்பக்க விளக்குக்கு ஒயர் போகும் துளை ஒன்று. கூரைத் திறப்பில் காய்ந்து வெடித்த ரப்பர் இன்னொன்று. படுக்கையின் தலைமாட்டில் சொட்டிய தண்ணீர், ஆறு அடி தள்ளி இருந்த அந்த ரப்பர் வழியாகத்தான் வந்திருக்கிறது. நான் தலைமாட்டுக்கு மேலேயே மூன்று ட்யூப் பூசியிருந்தேன். ரப்பரை மாற்றினோம். மறு ஞாயிறு மூன்று முறை தண்ணீர் விட்டுப் பார்த்தார். தூளில் ஒரு கோடுகூட இல்லை. நான் அன்றே வரைபடத்தை விரித்து வைத்து, பேனாவால் வழி போட ஆரம்பித்துவிட்டேன்.

அடுத்த வாரம் படுக்கையின் நடுவில் ஈரம். துடைத்துக் காய வைத்தேன். இரண்டு நாளில் மறுபடியும் ஈரம். மழையும் பெய்யவில்லை. வீடு பார்க்க ஒரு குடும்பம் வந்துவிட்டுப் போயிருந்தது, தை பிறந்தால் குடிவருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் போனில் கற்பகத்திடம் கத்தினேன். "என்னா வேல செஞ்சீங்க நீங்க? பொழுதன்னைக்கும் தூளத் தூவிக்கினு உக்காந்தீங்களே!" என்றேன். "ஞாயித்துக்கெயம வர்றேன் பாய்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பேச்சுக்கு நான் கடைசிவரை வருத்தம் தெரிவிக்கவில்லை. அது இப்போது உறுத்துகிறது, நன்றாகவே உறுத்துகிறது.

வந்தார். மெத்தையைத் தூக்கினார். அடியில் பலகை காய்ந்திருந்தது. மேலே கூரையில் தூள் தூவியபடியே இருந்தது. குனிந்து மெத்தையை முகர்ந்து பார்த்தார். விரிப்பிலிருந்து எதையோ விரல் நுனியால் ஒற்றி எடுத்தார். என்ன அது என்று கேட்டேன். "குப்ப" என்றார். பிறகு, "அக்கா கையால ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று சமையலறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "இன்னும் ஒரு டெஸ்ட் பாக்கி கீது பாய். வண்டில யாரு படுக்கப் போறாங்களோ அவங்க ரெண்டு பேரும் உள்ள உக்காரணும். எங்க செக்சன்ல அப்டித்தான் வழக்கம். முக்கா மணி நேரம். நடுவுல கதவத் தொறந்தா எல்லாம் கெட்டுப்பூடும்" என்றார்.

ஏறி உட்கார்ந்தோம், எதிரெதிர்ப் படுக்கைகளில். வெளியிலிருந்து கதவு விளிம்பில் டேப் ஒட்டும் சத்தம் கேட்டது. மோட்டார் ஓடியது. கூரைமேல் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. ஐந்து நிமிஷத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தேன், தலை இடித்தது, உட்கார்ந்தேன். ரஹீமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டையெல்லாம் ஒண்ணும் இல்லங்க" என்றாள். "ஊத்தினது நான்தான்."

எனக்குப் புரியவில்லை.

"சொம்புல இருந்த சீரகத் தண்ணிய ஊத்தினேன். ரெண்டு வாட்டியும் நான்தான். ஒழுகிக்கினு இருக்கிற வரைக்கும் கெளம்ப மாட்டீங்கன்னு ஊத்தினேன்."

கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. கதவைத் தள்ளினேன், அது அசையவில்லை. தண்ணீர் இரைச்சலில் என் சத்தம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கத்தி முடிந்து பார்த்தால் போக இடமில்லை. மறுபடி உட்கார்ந்தேன்.

"வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?" என்றேன்.

"நாலு வாட்டி சொல்ல வந்தேன். நாலு வாட்டியும் எழுந்து பூட்டீங்க. ஒரு வாட்டி மோட்டார் போடப் போறேன்னீங்க. ஒரு வாட்டி செருப்பக்கூடப் போடல. நீங்க முப்பது வருஷம் ஷிப்டுக்குப் போனீங்க, வந்தீங்க. நான் இங்கதாங்க இருந்தேன். பழவேற்காட்டுலருந்து எங்கம்மா ஊட்ட வுட்டு வந்து அழுதழுது இந்த ஊட்ட என் ஊடாக்கினேன். அந்தப் பலகய மாட்டின அன்னிக்கி எனக்கு மூச்சே நின்னுபோச்சு. யாரோ என் அடுப்பாண்ட நிப்பாங்க. நான் ரோட்டோரத்துல எங்கியோ படுத்திருப்பேன்."

அவள் அழவில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷம். அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இன்னும் பேசினாள். ஊர் பார்க்க அவளுக்கும் ஆசைதான். பொதட்டூர்பேட்டையில் தறிகளைப் பார்க்க வேண்டுமாம். போய்விட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். "திரும்பி வர்றதுக்கு ஒரு கதவு இருந்தா எங்க வேணா வர்றேன்" என்றாள்.

மோட்டார் நின்றது. முக்கால் மணியைத் தாண்டி வெகுநேரம் ஓடியிருந்தது. கற்பகம் டேப்பைக் கிழித்துக் கதவைத் திறந்தார். எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல் கூரையையே பார்த்தார்.

"உள்ள காஞ்சிகிதா பாய்?"

"காஞ்சிகிது."

"அப்போ வண்டி பாஸு" என்று சொல்லிவிட்டுப் பைப்பைச் சுருட்டினார். அன்று மாலை பலகையைக் கழற்றினேன். அதன் பிறகு எட்டு முறை போய்வந்திருக்கிறோம். இரண்டு ராத்திரி, மூன்று ராத்திரி. பொதட்டூர்பேட்டைக்கு இரண்டு முறை. ஊரை ரஹீமா சொல்வாள், நான் ஓட்டுவேன்.

ஆரணியில் காரியமெல்லாம் முடிந்து தனசேகரோடு நின்றுகொண்டிருந்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். உங்கள் பிரிவில் நல்ல வழக்கம் வைத்திருக்கிறீர்கள், வண்டிக்காரரையே உள்ளே உட்கார வைக்கிறீர்கள் என்றேன். தனசேகர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"யாரு பாய் சொன்னது? கற்பகமா? அவங்க ஒரு ஈ காக்காய உள்ள வுட மாட்டாங்க. என்னியே வுட்டது இல்ல. வேத்து ஆளு மூச்சு பட்டா தகரத்துல ஈரம் பூத்துடும், அப்புறம் எது ஒழுவல் எது மூச்சுன்னு தெரியாது, டெஸ்டே வேஸ்டுன்னு திட்டுவாங்க."

அப்படி ஒரு வழக்கமே இல்லை. எந்தப் பஸ்ஸுக்காகவும் விதியை வளைக்காதவர், எங்களுக்காகப் பொய்யாக ஒரு விதியைச் செய்து, தன் சோதனையைத் தானே கெடுத்துக்கொண்டிருக்கிறார். நான் போனில் அப்படிக் கத்திய பிறகும்.

வரும் வழியில் வேனில் ரஹீமாவிடம் இதைச் சொன்னேன். சமையலறையில் அவரிடம் நீ எல்லாவற்றையும் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன்.

"நான் ஒண்ணும் சொல்லல. அவளும் ஒண்ணும் கேக்கல. அடுப்பு மேல சீரகத் தண்ணி கொதிச்சிக்கினு இருந்துச்சு. அதப் பார்த்தா, என்னப் பார்த்தா. டீயக் குடிச்சிட்டு, 'அக்கா, உள்ள உக்காரும்போது மொதல்ல நீங்க பேசுங்க'ன்னா. அவ்ளோதான்."

ஏரிக்கரைச் சாலைக்குத் திரும்பினோம். பிறகு ரஹீமா, "ஒண்ணு சொல்லணுங்க" என்றாள். என் கால் வழக்கம்போல ஆக்சிலேட்டரை மிதிக்கப் பார்த்தது. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஏரிக்கரை ஓரமாக வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். கற்பகத்துக்கு ஒரு வேளைச் சோறுகூடப் போட்டதில்லை என்று ஆரம்பித்து அவள் அழுதாள். அப்புறம் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள், எனக்குத் தெரியாத பலவற்றைச் சொன்னாள். லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. கற்பகத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இதுதான்: ரஹீமா சொல்லி முடிக்கும் வரை நான் எழுந்திருக்கவில்லை.