நல்லாத்தான் கீறா

செய்யாறு பக்கத்துச் செருப்புத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. பி.எஸ்சி. முடித்த கையோடு சேர்ந்தது. நாள் முழுக்க நின்றபடி தைத்து வரும் ஜோடிகளில் குறை பார்க்க வேண்டும். சாயங்காலம் எங்கள் ஊர் ஆரணியில் கம்பெனி பஸ் நிற்பதற்குள் குதித்து இறங்குவேன். அப்படிக் குதித்த ஒரு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறது, எழுந்து நடமாடவே கூடாது என்று காப்பீட்டு மருத்துவமனையில் சான்று கொடுத்தார்கள். இந்த மாதிரி நாட்களுக்காகத்தான் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்கள் என்று உடனே உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன்.

அதே சமயம் தரகர் என் ஜாதகத்தைப் போளூரில் ஒரு வீட்டில் கொடுத்திருந்தார். எங்கள் பக்கம் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர் சொல்லாமல் வந்து, அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுப் போவார். அம்மா அந்த ஆளை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர் காப்பீட்டு அலுவலகத்துக்காரர். நான் உள்ளே மாத்திரை மயக்கத்தில் படுத்திருந்தேன். பக்கத்து வீட்டில் என்னைப் பற்றிக் கேட்டுவிட்டு எங்கள் வாசலுக்கு வந்தாராம். பெண் எப்படி இருக்கிறாள் என்றாராம்.

"நல்லாத்தான் கீறா சார். நோய் நொடி ஒண்ணும் கிடையாது. இப்பக்கூட அவங்கப்பா தறிக்கு நூல் சுத்திக் குடுத்துகினு இருந்தா" என்றிருக்கிறாள் அம்மா. குடம் தூக்கி வருவேன், மாவாட்டுவேன் என்று மேலும் சேர்த்து, காப்பியும் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். நல்ல மாதிரி மனுசன், சம்பளம்கூட விசாரித்தார் என்று அன்று பூராவும் ஒரே சந்தோஷம்.

ஓய்வு நாட்களில் வீட்டில் வேலை செய்வதாகத் தெரிகிறது, ஆகவே உதவித்தொகை இல்லை என்று பதில் வந்தது. நான் படித்துக் காட்டியதும் தறியில் இருந்த அப்பாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

"அந்தாளு ஜாதகம் கேட்டாரா?"

"கேக்கல."

"கேக்காதவன்கிட்ட இன்னாத்துக்கு இம்மாம் பெருமை?"

அம்மா சிரிக்கவில்லை. முகம் சுண்டிப்போய் உட்கார்ந்துவிட்டாள்.

படுத்தபடியே போனில் தேடித் தேடி ஒரே மதியத்தில் எல்லா வழிகளையும் கண்டுபிடித்தேன். மேல்முறையீடு செய்து மருத்துவக் குழு முன்னால் மறுபரிசோதனை கேட்கலாம். அதுவும் ஆகாவிட்டால் இதற்கென்றே ஒரு நீதிமன்றம் இருக்கிறது. கலெக்டரிடம் மனு கொடுக்கலாம். கம்பெனியில் உட்கார்ந்து செய்யும் வேலை கேட்கலாம். கம்பெனியைக் கேட்டுப் பார்த்ததில், அப்படி ஒரு வேலையே கிடையாது என்றார்கள். மற்ற எந்த வழியில் போனாலும் அன்று சொன்னது பொய் என்று அம்மா எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

"எழுதிக் குடுத்தா நாலு பேரு படிப்பான். நம்ம தெருவுக்கு வந்து சேராதா? இடுப்பு செத்த பொண்ணுன்னு பேரு ஆயிடும். போளூர்க்காரங்க வந்து பாத்துட்டுப் போவட்டும். அப்புறம் எங்க வேணா வந்து சொல்றேன்."

எதையும் ஜல்தி ஜல்தியாக முடிக்கிறவள் நான். இதற்கு மட்டும் சரி என்றேன். பையனின் போட்டோவைப் பார்த்திருந்தேன். எனக்கும் பிடித்திருந்தது.

அவர்கள் வந்த அன்று, புடவைக்குள் துருத்திக்கொண்டு தெரியும் என்று மருத்துவமனையில் கொடுத்த இடுப்புப் பட்டையை அவிழ்த்து வைத்தேன். காப்பித் தட்டை எப்படியோ கொண்டு போய்க் கொடுத்துவிட்டேன். பிறகு பெரியவர்களை விழுந்து கும்பிடச் சொன்னார்கள். விழுந்தேன். எழ முடியவில்லை. அம்மா வந்து தூக்கப் பார்த்தாள். வலியில் கத்திவிட்டேன்.

பையனின் அம்மாதான் குனிந்து, என் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து, மெதுவாகச் சுவரோரம் சாய்த்து உட்கார வைத்தார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். சொன்னேன்.

"சொல்லியிருந்தீங்கன்னா, நல்லாயிட்டு வரட்டும்னு இருந்திருப்போமே" என்றார் அம்மாவைப் பார்த்து. "மறைச்சிட்டீங்களே."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அவர் வருத்தமாகச் சொன்னார். அந்த வீட்டுக்கா போகாமல் போனோம் என்று இன்றும் தோன்றுகிறது. போளூரிலிருந்து பிறகு ஒரு பேச்சும் வரவில்லை.

மறுநாள் அம்மாவே என்னைக் கூட்டிக்கொண்டு வேலூர் காப்பீட்டு அலுவலகத்துக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் நான் நின்றுகொண்டு வந்தேன், உட்கார்ந்தால் பஸ் குலுக்கலில் வலி அதிகம். மறுபரிசோதனைக்கு ஏற்பாடானதும், தாமதமாகவாவது தொகை வந்ததும் அந்தப் பயணத்தால்தான்.

அலுவலகத்தில் அதிகாரி கேட்டது ஒரே கேள்வி, அன்று சொன்னது உண்மையா என்று. அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கக்கூசுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போவது, புரண்டு படுக்க இரண்டு பேர் வேண்டியிருப்பது, தூக்கத்தில் நான் பல்லைக் கடிப்பது. வீட்டில் நாங்கள் ஒருவருக்கொருவர்கூடச் சொல்லிக்கொள்ளாதவை.

"போதும்மா, எழுதிக்கினேன்" என்றார் அவர்.

"இன்னும் கீது சார். நேத்து பொண்ணு பாக்க வந்தாங்க..."

எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தேன், ஆரணி முகம் ஏதாவது தெரிகிறதா என்று. அம்மா யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டே போனாள்.