புகையில் காய்ந்த படம்

அந்தப் படத்தை நான் கெடுத்துவிட்டேன் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள். நான் ஒத்துக்கொண்டதே இல்லை. ஈரமாக இருந்ததைக் காய வைத்தேன், அவ்வளவுதான்.

படம் சித்தியுடையது. கொல்லிமலைக்கு நர்ஸாக வேலைக்கு வந்தவள், எங்கள் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். பிறந்தது நாகப்பட்டினம் பக்கம், கடற்கரையில். ஓய்வு கிடைத்தால் போதும், வீட்டுக்குப் பின்னாலிருந்த பாறையில் உட்கார்ந்து வாட்டர் கலரில் வரைவாள். வெயிலுக்கு ஒரு படம், தூறலுக்கு ஒரு படம். விடியற்காலையில் பள்ளம் முழுக்க மேகம் நிறைந்து கிடந்தால் அதைக் கடலாகவே வரைந்துவிடுவாள். "படகு ஒண்ணுதான் கொறச்சல்" என்று சித்தப்பா கேலி செய்வார்.

கல்யாணத்துக்கு ஒப்பாத அவளுடைய அப்பா மூன்று வருஷமாகப் பேசவில்லை. போன் செய்தாலும் எடுக்க மாட்டார். சின்ன வயதில் அவள் வரைந்ததையெல்லாம் ஊரைக் கூப்பிட்டுக் காட்டிய மனிதராம். ஒரு படம் அனுப்பினால் மனசு இளகும் என்று சித்தி நம்பினாள். நல்ல வெயிலில் மலை மடிப்பு மடிப்பாகத் தெரிய வேண்டும், எங்கள் வீடும் மரவள்ளிக் காடும் பளிச்சென்று இருக்க வேண்டும். பார்த்ததுமே மகள் சுகமாக இருக்கிறாள் என்று அவருக்குப் புரிய வேண்டும். ஆனால் ஐப்பசி அடைமழையில் வெயிலுக்கு எங்கே போவது? பதினைந்து நாள் காத்திருந்து, ஒரு மத்தியானம் வானம் வெளுத்தபோது ஓடிப்போய் வரைந்தாள். முடிப்பதற்குள் மறுபடி மூட்டம் போட்டுவிட்டது.

சாயங்காலம் வரை தாள் காயவில்லை. மறுநாள் காலையில் சேந்தமங்கலம் போகிற சித்தப்பா அதைத் தபாலில் சேர்ப்பதாக ஏற்பாடு. "ஈரத்தோட சுருட்டினா பூஞ்சணம் புடிச்சிரும்" என்று புலம்பிக்கொண்டே சித்தி டியூட்டிக்குப் போனாள். எனக்கு எட்டு வயது. பூஞ்சணத்துக்கு வைத்தியம் எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியாது? விதைக்கு எடுத்த சோளக்கதிரை அடுப்புக்கு மேலே கட்டித்தானே காப்பாற்றுகிறோம்! படத்தையும் கதிர்களுக்கு நடுவே கட்டித் தொங்கவிட்டேன். அன்றைக்கென்று விறகும் ஈரம்.

காலையில் இறக்கினால், ஐயோ, படத்தில் வெயிலைக் காணோம். வானம் பழுப்பாகி, மலையில் பாதி மூட்டத்துக்குள் போயிருந்தது. புகை வாடை வேறு. அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். வேலை முடிந்து வந்த சித்தியிடம், "உட்டுத் தள்ளு கண்ணு, வேற வரஞ்சுக்கலாம்" என்றாள்.

சித்தி படத்தையே வெகுநேரம் பார்த்தாள். "இங்க பாதி நாள் இப்படித்தானக்கா இருக்கு. இதுவே போகட்டும்" என்று சுருட்டி, சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டாள்.

பத்து நாள் கழித்துப் பஸ்ஸிலிருந்து ஒரு பெரியவர் இறங்கினார். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்து முகம் வெளிறிப்போயிருந்தது. கையில் அதே சுருள். சித்தியின் அப்பா! படத்தை நாசமாக்கியது யாரென்று கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நான் மிளகுக்கொடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் மலையைப் பார்க்கவில்லை, அம்மா நீட்டிய தண்ணீரையும் வாங்கவில்லை. சித்தியின் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படத்துல பொகை வாடை அடிக்குதே பாப்பா. அடுப்பு ஊதிக்கிட்டா கெடக்குற? அதுக்கா உன்னப் படிக்க வச்சேன்?"

சித்தி ஓவென்று அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. செய்தது நான், திட்டு வாங்குவது அவளா? வெளியே ஓடிவந்து கத்தினேன்.

"இல்லீங்க தாத்தா, பொகை வெச்சது நானுங்க! சித்தி அடுப்புப் பக்கமே வராதுங்க. எல்லா வேலையும் எங்கம்மாதானுங்க!"

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். பெரியவர் அழுகையும் சிரிப்புமாக என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். நான்கு நாள் தங்கிவிட்டுத்தான் போனார்.

அடி விழாமல் தப்பித்தேன் என்பது மட்டும்தான் அன்று எனக்குப் புரிந்தது. சித்தி ஆசைப்பட்டபடி அந்த வெயில் படமே போய்ச் சேர்ந்திருந்தால், மகள் சுகமாகத்தான் இருக்கிறாள் என்று அவர் வராமலே இருந்திருப்பார்.