ஓதிஷோ ஊருக்கு வந்து பாடிய பாட்டு

ஓதிஷோவுக்கு வாயைத் திறக்கத்தான் தெரியும், மூடத் தெரியாது என்பார்கள் எங்கள் ஊரில். பன்னிரண்டு வயதில் கோயிலில் சங்கீதம் பாட நிறுத்தினார்கள். பாதிரியாரின் குரலையே அமுக்கிவிட்டான். பதினெட்டில் கல்யாணங்களுக்குப் பாடப் போனான். கைகோத்து வரிசையாக ஆடத் தொடங்கியவர்கள், அவன் பாட்டை நிறுத்தினால்தான் வீட்டுக்குப் போக முடியும். முழங்கால் வலிக்காரர்கள் அவனைத் திட்டிக்கொண்டே ஆடினார்கள்.

பாட்டால் பேர் வந்தது, பெண் வரவில்லை. நாஸேயைக் கேட்டு ஆள் அனுப்பினான். "கல்யாண வீட்ல எல்லாரும் உக்காந்து சாப்பிடுவாங்க, இவன் நின்னுக்கிட்டே சாப்பிடுவான். இவனுக்கா எம்பொண்ணு?" என்று அவள் அப்பா திருப்பி அனுப்பிவிட்டார். பருத்தி எடுத்து முடிந்த கையோடு, ஆற்றில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் வைத்திருந்த கிவர்கீஸுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். மறு வருஷம் ஓதிஷோ சிகாகோவுக்குப் போய்ச் சேர்ந்தான்.

அங்கே வாரம் முழுக்க ரொட்டிக் கடையில் மாவு பிசைந்தான், சனிக்கிழமை அங்கே பிழைக்க வந்த நம்மவர்களின் கல்யாணங்களில் பாடினான். முதல் கேசட்டில் ஒரு பாட்டு. "நாஸே, ஒருதரம் திரும்பிப் பார்" என்று அவள் பேரைச் சொல்லியே பாடிவிட்டான். கல்யாணமான பெண்ணின் பேரைப் பாட்டில் வைப்பது நம்மில் அவள் வீட்டுக் கதவில் சாணி அடிப்பதற்குச் சமம். அது தெரியாதவனில்லை அவன். கோபம். நடுவில் கடல் இருக்கிறது என்ற தைரியம் வேறு.

பெய்ரூட், சிட்னி, ஸ்வீடன் என்று நம்மவர்கள் இருக்கும் இடமெல்லாம் அந்தப் பாட்டு ஓடியது. யாரோ பெட்டியில் வைத்துக் கொண்டுவர, ஊருக்கும் வந்தது. அதன்பின் ஒன்பது கேசட் போட்டான். ஒன்றும் அதன் பக்கத்தில் நிற்கவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. கேட்டால், பாட்டுக்காரனுக்கு யார் பெண் தருவார்கள் என்று சிரிப்பான்.

அந்தப் பாட்டு வந்து பத்தொன்பது வருஷம் கழித்துத் தங்கை ஷ்மூனியிடமிருந்து போன் வந்தது. அவள் மகனுக்குக் கல்யாணம். பெண், நாஸேயின் மூத்த மகள். தாய்மாமன் வராமல் எப்படி? வந்தான். ஆனால் அவன் மனசில் ஒரே ஆசைதான் இருந்தது. அந்தப் பாட்டை அவள் முன்னால் நின்று, அவள் பேரைச் சொல்லிப் பாட வேண்டும். அவள் கேட்க வேண்டும். இந்த வயதில் இது தேவையா என்றால், தேவையில்லைதான்.

கல்யாணத்தன்று காலையில் ஷ்மூனி திராட்சை இலையில் அரிசி வைத்துச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "அண்ணே, எந்தப் பாட்டு வேணா பாடு. அதை மட்டும் விட்டுடு."

"ஏன், இங்க அது யாருக்கும் பிடிக்காதா?"

"பிடிக்காதாவா! அது இல்லாம இங்க ஒரு கல்யாணம் நடந்ததில்ல."

"அப்புறம் என்ன?"

"அவ இப்ப எனக்குச் சம்பந்தி. உன் வாயால அந்த வீட்டுக்கு ஒரு சொல்லு வந்துச்சுன்னா, என் மூஞ்சில முழிக்காத."

ஓதிஷோ மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் களத்துமேட்டுக்குப் போனான்.

மதியம் களத்துமேட்டில் ஆட்டம். வரிசைக்குத் தலைமை கிவர்கீஸ். பெரிய மீசை, கையில் சிவப்புக் கைக்குட்டை. மூன்றாவதாக நாஸே, மகளின் கையைப் பிடித்திருந்தாள். உடம்பு பூரித்திருந்தது. சிரிப்பு மாறவில்லை. இளவட்டங்கள் அந்தப் பாட்டைப் பாடச் சொல்லிக் கத்தினார்கள். ஓதிஷோ மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

பேர் வரும் இடம் வந்தது. அவன் நாஸே என்றுதான் பாடினான். ஆனால் காதில் விழுந்தது வேறு. களத்தில் இருந்த இருநூறு பேரும் ஒரே குரலில், "ஹாபூரே, ஒருதரம் திரும்பிப் பார்" என்று பாடினார்கள். ஹாபூர் எங்கள் ஆறு. பெண்கள் குலவையிட்டார்கள், மேளக்காரன் சரியாக அந்த இடத்தில் இரண்டு அடி ஓங்கி அடித்தான். மைக் இருந்தும் ஓதிஷோவின் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

அடுத்த முறை இன்னும் சத்தமாகப் பாடினான். அவர்களும் சத்தத்தைக் கூட்டினார்கள். பொடிசுகளுக்கு அது ஆற்றுப் பாட்டு என்று மட்டும்தான் தெரியும்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பத்தொன்பது வருஷமாகக் கேசட் போட்ட ஒவ்வொரு கல்யாணத்திலும் ஊரே சேர்ந்து அந்தப் பேரை மூடியிருக்கிறது. எல்லோரையும்விட ஓங்கிப் பாடியவன் கிவர்கீஸ். ஓதிஷோவையேதான் பார்த்துப் பாடினான், முகத்தில் கோபம் இல்லை. நாஸே தலை குனிந்து ஆடினாள். அவள் காலில் ஓர் அடி பிசகவில்லை.

ஓதிஷோவுக்கு முதலில் வெட்கம் வந்தது, பிறகு அழுகை வந்தது. மூன்றாவது முறை அவனே ஹாபூரே என்று பாடினான். குலவை நின்றது. கூட்டம் குரலைத் தணித்துக்கொண்டது. அன்றைக்கு முதல் தடவையாக அந்த இடத்தில் அவன் குரல் தனியாகக் கேட்டது.

பாட்டு முடிந்ததும் கிவர்கீஸ் இரண்டு கிளாஸ் அரக் சாராயத்தோடு வந்தான். "என்ன அண்ணே, அமெரிக்கா போயி நம்ம ஆத்துப் பேரே மறந்துபோச்சா?"

"மறந்துட்டேன்டா, கிவர்கீஸ்."

"பரவால்ல, நாங்க எதுக்கு இருக்கோம்?" கிளாஸை அவன் கையில் வைத்தான். "இன்னொரு தரம் பாடு. நாஸேதான் உன்கிட்ட கேக்கச் சொன்னா."