கொக்கு யோசித்த நேரம்

சலவை சோடா கரைத்த வெந்நீரில் முகம் தெரியாத யாரோ ஒருவருடைய விலா எலும்புகள் கரைந்துபோனதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த என் அக்கா, கழித்துப்போட்ட எக்ஸ்ரே ஃபிலிம்களைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தனுப்புவாள். எங்கள் பெண்கள் பள்ளியின் லேபில், சனிக்கிழமை மத்தியானங்களில், நானும் டிராயிங் டீச்சரும் அவற்றைத் தேய்த்துக் கழுவுவோம். கறுப்பு போய் லேசான நீலம் மட்டும் மிஞ்சும். அதையே வானமாக வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னவர் அவர்தான்.

நான் சயின்ஸ் டீச்சர். அந்த அம்மாள் ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் இருவருக்கும் ஒரே பைத்தியம் பிடித்தது. வரைந்த படங்களை ஒவ்வொன்றாகக் காமிராவில் பிடித்து ஓடவிட்டு, ஒரு கொக்கைத் திரையில் பறக்கவைக்க வேண்டும். கல்லூரியில் வேலை பார்த்த என் தம்பி அங்கிருந்த காமிராவை லீவு நாட்களில் இரவல் வாங்கித் தருவதாகச் சொன்னான். கழுவிய ஃபிலிம்களில் வரைவது மட்டும்தான் பாக்கி. அதற்கு இரண்டு வருஷம் ஆனது.

கொக்கு பார்க்க ஆற்றோரம் முக்கொம்புக்குப் போவோம். விளையாட்டு டீச்சரின் ஸ்டாப் வாட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு நான் சிறகடிப்பை எண்ணுவேன். அவர் சிறகைப் பார்க்கவே மாட்டார். "பறக்கறது பெருசில்லை டீச்சர். பறக்கறதுக்கு முன்னாடி கழுத்தை உள்ளே இழுத்துண்டு ஒரு க்ஷணம் யோசிக்கறது பாருங்கோ, அது வந்துட்டாப் போதும்" என்பார். அந்த ஒரு க்ஷணத்துக்காக நாற்பது படங்கள் வரைந்தார். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் மயிரிழைதான் வித்தியாசம். பிடிக்காமல் அத்தனையையும் அழித்துவிட்டு மறுபடி வரைந்தார். மற்ற ஓவியர்கள் உருவத்தை வரைகிறார்கள், இவர் நேரத்தை வரைகிறார் என்று எனக்குத் தோன்றியது. அதை அவரிடம் சொன்னபோது வெட்கப்பட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் நான் நம்பினேன்.

பள்ளி ஆண்டு விழாவில் படத்தைக் காட்டினோம். ஒன்றரை நிமிஷம் ஓடியது. மணல் திட்டில் கொக்கு நின்றது; கழுத்தை உள்ளே இழுத்தது; நின்றது. ஹால் முழுக்க ஒரு சத்தம் இல்லை. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் "போ, போ" என்று மெல்லச் சொன்னாள். அது எழும்பியதும் பிள்ளைகள் கை தட்டியதில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சிறப்பு விருந்தினராக ஒரு கல்வி அதிகாரி வந்திருந்தார். மேடையோரம் மாட்டியிருந்த, டிராயிங் டீச்சர் வரைந்த தலைவர் படத்தை எழுந்துபோய்ப் பார்த்துப் பாராட்டியவர் அவர். இப்போது சிரித்துக்கொண்டே, "நல்ல தமாஷ். சின்னப் பிள்ளைங்களுக்குப் பொருத்தம்தான். பெரியவங்க யாரு உட்கார்ந்து இவ்வளவு நேரத்தை வீணாக்கினது?" என்று கேட்டார்.

டிராயிங் டீச்சர் என் பக்கம் கை காட்டினார். "எங்க சயின்ஸ் டீச்சருக்கு ஆசை, சார். நான் சும்மா கூடமாட ஒத்தாசை பண்ணினேன், அவ்வளவுதான்." சொல்லிவிட்டு அதிகாரியோடு சேர்ந்து சிரித்தார்.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் அவர் தனியாக இருந்தபோது போய் நின்றேன். "ஏங்க டீச்சர் அப்படிச் சொன்னீங்க?"

"டிரெய்னிங் ஸ்கூல்ல ஓவிய போஸ்டுக்கு எழுதிப்போட்டிருக்கேன். ஆள் எடுக்கறவர் அவர்தான். பொம்மைப் படம் போடறவள்னு நெனைச்சா எடுப்பாரா?"

"நீங்களுமா அதைப் பொம்மைப் படம்னு சொல்றீங்க?"

அவர் நோட்டுகளைத் திருத்தத் தொடங்கினார். பிறகு தலை நிமிராமலே, "நான் வரைஞ்சேன்னு யார்கிட்டயும் சொல்லிண்டிருக்காதீங்கோ" என்றார்.

அந்த அதிகாரி சிரித்தது என்னை ஒன்றும் செய்யவில்லை. அவருக்கு அது என்னவென்றே தெரியாது. நாற்பது படங்களை அழித்து வரைந்தவருக்குத் தெரியும். வேலை அவருக்குக் கிடைத்தது. கோடை லீவுக்குள் மாற்றலாகிப் போனார். வரைந்த ஃபிலிம்களை லேப் அலமாரியிலேயே விட்டுவிட்டார். அடுத்த வருஷம் அவை பிள்ளைகளின் நோட்டுகளுக்கு அட்டையாகிப் போயின. ரீலை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஏழெட்டு வருஷம் கழித்துக் காந்தி மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. எந்தெந்த அலுவலகத்தில் தாம் வரைந்த தலைவர்கள் மாட்டப்பட்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் படங்களில் இரண்டை நான் பார்த்திருக்கிறேன். அவற்றின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை. பஸ் வந்தது. ஏறப் போனவர் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினார்.

"டீச்சர், அந்த ரீல் உங்ககிட்ட இருக்கோ? ஒரு தரம் பார்க்கணும்னு இருக்கு."

"இல்லீங்க" என்றேன். "அப்பவே போயிடுச்சு."

அவர் தலையசைத்துவிட்டு ஏறிக்கொண்டார். ரீல் அன்றைக்கு என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருந்தது. ஆண்டு விழாவில் தம் படத்தைத் தம்முடையது இல்லையென்று அவர் எவ்வளவு சுலபமாகச் சொன்னார் என்று இத்தனை வருஷம் ஆச்சரியப்பட்டிருந்தேன். எனக்கும் அது சுலபமாகத்தான் வந்தது.